கொக்குமேட்டின் நல்லெண்ணப் பயணம்

செங்கல்வராயன் கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்தார். அதில் தண்ணீர் மேல் இருந்தது நான்கு மணி நேரம். அதுவும் துறைமுகத்தைத் தாண்டவில்லை. பெரிய அதிகாரி ஒருவரின் மகளுக்குப் பிறந்தநாள் என்று ஆபீசில் எல்லாரையும் மோட்டார் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டிய அன்றைக்கு, படகின் ஓரத்தில் கேக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற நாளெல்லாம் பம்பாயில், மாடிக் கட்டடம் ஒன்றில், டைப்ரைட்டர் முன்னால்.

பழவேற்காடு ஏரியில் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே தோணியில் உட்காரப் பழகிய ஆளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தது கடற்படை. எட்டாவது வரை படித்திருந்ததுதான் அவர் செய்த குற்றம். கடற்படையில் குமாஸ்தாவுக்கு ரைட்டர் என்று பெயர். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

அவர் டைப் அடித்ததெல்லாம் ஒரே வகைக் காகிதம். நல்லெண்ணப் பயணத் திட்டம். அண்டை அயல் நாட்டுத் துறைமுகத்துக்குப் போர்க்கப்பல் அனுப்புவார்கள், சுடுவதற்கு அல்ல, நிற்பதற்கு. கொடி பறக்கும், பேண்டு வாசிக்கும், வெள்ளை உடுப்புப் போட்ட மாலுமிகள் அந்த ஊர்ச் சிலைக்கு மாலை போடுவார்கள், பீரங்கிக்கு உறை போட்டிருக்கும். மூன்றாம் நாள் கிளம்பி வந்துவிடுவார்கள். யாரும் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார்கள். ஆனால் கப்பல் போன பிறகு அந்த நாட்டுக்காரன் நம்மைப் பற்றி யோசிக்கிற விதமே மாறியிருக்கும் என்பது ஏற்பாடு. இதில் கணக்கு முக்கியம். ஒரு கப்பல் அனுப்பினால் ரிப்பேருக்கு வந்திருக்கிறான் என்பான். நாலு அனுப்பினால் சண்டைக்கு வந்துவிட்டான் என்று கூச்சல் போடுவான். மூன்று அனுப்பினால்தான் சிரித்துக்கொண்டே பயப்படுவான்.

'பயணம் முழு வெற்றி' என்ற அறிக்கையை, கப்பல் கிளம்புவதற்கு முன்பே டைப் அடித்து வைத்துவிடுவார் செங்கல்வராயன். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அதை மாற்றி அடிக்க வேண்டி வரவில்லை. இதிலிருந்து அவர் கற்றுக்கொண்டது, இந்த முறை தோற்கவே தோற்காது என்பது.

அறுபத்து நாலில் திரும்பி வந்தார். கும்மிடிப்பூண்டியில் ரோட்டோரமாக இருந்த ஒரு கம்பி ஆலையில் டைம்கீப்பர் வேலை. வாரம் பூராவும் ஆலைக்குப் பின்னால் ஓர் அறையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு வந்து, தோணியில் கொக்குமேட்டுக்குப் போவார். கொக்குமேடு ஏரிக்குள் மண் மேடிட்ட இடம். பத்தொன்பது தலைக்கட்டு, ஏழு தோணி, ஒரு கிணறு. அவர் சம்சாரம் சம்பூர்ணம் அங்கிருந்து தினமும் நண்டு எடுத்துப் போய்ப் பழவேற்காட்டில் விற்பாள். கடற்படையைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் ஒரே வரி: "பதினஞ்சு வர்சம் கடலுக்குப் போயி ஒரு கெண்ட மீனு பிடிச்சிக்கினு வர்ல."

கொக்குமேட்டுக்கு உயிர் ஒன்றே ஒன்றில் இருந்தது. முகத்துவாரப் பாடு.

ஏரியும் கடலும் சேருகிற வாய்க்குப் பக்கத்தில் இறால் ஓடுகிற இடம் அது. அங்கே வலை போட மூன்று குப்பங்களுக்கு முறை உண்டு. பாடு என்றால் அந்த முறைதான். ஏழு நாள் ஒரு சுற்று. இருநூறு வீடுள்ள அரசங்குப்பத்துக்கு நான்கு நாள், ஆமைத்திட்டுக்கு இரண்டு நாள், கடைசியில் கொக்குமேட்டுக்கு ஒரு நாள். மறுநாள் மறுபடி அரசங்குப்பம். கொக்குமேட்டின் பத்தொன்பது வீட்டிலும் அடுப்பு எரிவது அந்த ஒரு நாளால். மற்ற ஆறு நாளும் நண்டும் பொடிமீனும், அதாவது பேச்சுக்கு மீன்.

பாட்டுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. மூன்று குப்பத்தில் எங்கே சாவு விழுந்தாலும் அன்றைக்கு யாரும் வலை இறக்கக் கூடாது. எல்லார் முறையும் ஒரு நாள் தள்ளிப் போகும். தன் முறை நாளில் ஒரு குப்பத்துத் தோணி வலையில்லாமல் அந்த இடத்தைத் தாண்டினால், அன்றைய முறையை விட்டுக் கொடுத்ததாக அர்த்தம், அடுத்த முறைக்காரன் வலை இறக்கிக்கொள்ளலாம். அப்படி விட்டுக் கொடுத்தவன் அன்றைக்கே அடுத்தவன் கையால் வெற்றிலை பாக்கும் வாங்கிவிட்டால் தீர்ந்தது, பாடு நிரந்தரமாகக் கை மாறிவிடும். கடைசிச் சட்டம் ஒரே தடவைதான் பயன்பட்டிருக்கிறது. காலராவில் ஒரு குப்பமே காலியானபோது, மிஞ்சிய இரண்டு வீட்டுக்காரர்கள் வெற்றிலை வாங்கிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போனார்கள்.

இறாலை ஐஸில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரிகள் வேனோடு வந்து நிற்கத் தொடங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. கொக்குமேட்டின் நாளன்று நடுப்பகலுக்கே அரசங்குப்பத்தார் வந்து வலைக்கழி ஊன்றத் தொடங்கினார்கள். "நாளைக்கி எங்க பாடுதானே, இப்பவே ஊணி வெச்சிக்கிறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஏழு நாளுக்கு ஒரு நாள் என்பது ஏழு நாளுக்கு அரை நாளானது. எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் அந்த அரை நாளும் காலை நாஷ்டா நேரத்துக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த டிசம்பரில்தான் வங்காள விரிகுடாவுக்கு வெளிநாட்டுப் பெரிய கப்பல் ஒன்று வருகிறது என்று ரேடியோ சொன்னது. ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடையில் கூட்டம். செங்கல்வராயனுக்குப் பக்கத்தில் மோசஸ் உட்கார்ந்திருந்தார். உலையில் கம்பி இழுக்கிறவர். பொன்னேரிப் பக்கம் வயலில் கூலிக்கு இறங்கிக்கொண்டிருந்த குடும்பம், இப்போது மூன்று பேர் ஆலையில்.

"வந்து நிக்கிதாமே நைனா. சுடுமா?"

"சுடாது."

"அப்பால இன்னாத்துக்கு வருது?"

"நிக்கிறதுக்கு. நிக்கிறதுதான் அதோட வேல."

"நின்னா சம்பளமா? நா செத்த நின்னா மேஸ்திரி அர நாளு வெட்டுறான்."

செங்கல்வராயனின் கண் பளபளத்தது. ஏழு வருஷமாக யாரும் அவரிடம் அவர் தொழிலைப் பற்றிக் கேட்டதில்லை. டீ ஆறும் வரை விளக்கினார். ஒரு குண்டு வெடிக்காமல் ஒரு நாட்டின் மனசைத் திருப்புவது எப்படி, எவ்வளவு கிட்டே போக வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மனசுக்குள் முகத்துவாரம் தெரிந்தது.

ஒரு வாரத்தில் யுத்தம் முடிந்தது. மோசஸ் விடவில்லை.

"இன்னா ரைட்டரே, நிக்க வந்த கப்பலு இன்னா ஆச்சி? யாரு பயந்தா?"

"திட்டம் சரியில்ல மோசஸு. ரொம்பத் தள்ளி நின்னுட்டான். கண்ணுல படணும். அதுதான் மொதப் பாடம்."

"ஓ" என்றார் மோசஸ். "நீ அங்க இருந்திருக்கணும்."

இதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார் செங்கல்வராயன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொக்குமேட்டில் கூட்டம் போட்டார்கள். பேசியது சம்பூர்ணத்தின் தம்பி குப்புராஜ். இரண்டு தோணிக்குச் சொந்தக்காரன், ஊரில் கணக்காகப் பேசுகிறவன்.

"கம்பு எடுத்தோம்னு வெச்சிக்க. நாலு பேரு ஆஸ்பத்திரி, ரெண்டு பேரு ஜெயிலு. மிச்சம் பதிமூணு பேரு தோணி தள்ளணும். அவனுங்க இருநூறு ஊடு. பஞ்சாயத்துக்குப் போனா அங்கியும் அவனுங்கதான் ஜாஸ்தி. பேசாம இருந்தா அடுத்த வர்சம் நம்ம பாடே கெடையாது. எப்டி பாத்தாலும் பேஜாருதான் மாமா."

"சண்டையும் வேணாம், கெஞ்சலும் வேணாம்" என்றார் செங்கல்வராயன். "போய் நிப்போம்."

"எங்க?"

"அவங்க கரைல. வெள்ள சொக்கா போட்டுக்கினு, கொடி கட்டிக்கினு, மேளம் அடிச்சிக்கினு மூணு தோணில போவோம். ஒண்ணும் கேக்க மாட்டோம். டீ குடிப்போம். வந்துடுவோம்."

"டீ இங்கியே கீதே மாமா."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வேறு யோசனை யாரிடமும் இல்லை. யோசனை இல்லாத இடத்தில் பதினோரு பக்கம் டைப் அடித்த யோசனை ஒன்று வந்து விழுந்தால் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆலை மானேஜர் சாப்பிடப் போகும் நேரங்களில், ஆலையின் டைப்ரைட்டரில், மூன்று வாரத்தில் அடித்து முடித்தார். குறிக்கோள், பாதை, உடுப்பு, பரிசுப் பொருள், பேச வேண்டியவை, பேசக் கூடாதவை. ஏழாம் பக்கம் சொன்னது: எந்தக் காரணத்தை முன்னிட்டும் இறாலைப் பற்றிப் பேசக் கூடாது. ஒன்பதாம் பக்கம்: தோணிகளில் வலையோ கழியோ இருக்கக் கூடாது, அது பீரங்கிக்கு உறை போடுவதற்குச் சமம்.

தேதி பிப்ரவரி பதினாறு, புதன்கிழமை. பதினைந்தாம் தேதி கொக்குமேட்டின் பாடு. அன்றைக்குப் பிடித்ததில் நல்ல இறாலாகப் பொறுக்கி மறுநாள் கூடையில் பரிசாக எடுத்துப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அரசங்குப்பத்து நாட்டாண்மை ராஜமாணிக்கத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே முறைப்படி கடிதம் போய்ச் சேர்ந்தது. நாள், நேரம், வருகிறவர்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தது. 'நல்லெண்ணத்தின் அடையாளமாக எங்கள் தோணிகள் வலையின்றி வரும்' என்று தனி வரியாக எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

வெள்ளைச் சட்டை கொக்குமேட்டில் மொத்தமே நாலு. மோசஸ் தன் தெருக் கோயிலில் கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டைகளைப் பத்து வீட்டில் கேட்டு வாங்கி மூட்டை கட்டிக் கொடுத்தார்.

"மீன் நாத்தம் இல்லாம குடு நைனா. ஈஸ்டருக்கு வேணும்."

திட்டத்தில் இல்லாத ஒன்று பதினாலாம் தேதி திங்கட்கிழமை நடந்தது. ஆமைத்திட்டில் ஒரு கிழவர் செத்துப் போனார். வயது எண்பதுக்கு மேல், அவசரம் ஒன்றும் இல்லை, இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். ஏரியில் அன்றைக்கு வலை இறங்கவில்லை. எல்லார் முறையும் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. கொக்குமேட்டின் பாடு புதன்கிழமைக்கு வந்தது.

இது கொக்குமேட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஆள் கும்மிடிப்பூண்டியில் ஆள் வருகையைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லீவு புதன்கிழமைக்கு மட்டும்தான் கேட்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. பதினோரு பக்கம் டைப் அடித்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

புதன்கிழமை விடிந்து முதல் பஸ்ஸும் தோணியும் பிடித்து வெள்ளை உடுப்போடு வந்து இறங்கினார். கொக்குமேட்டுக் கரையில் மூன்று தோணி கழுவி மஞ்சள் தெளித்து நின்றது. மாலை, கொடி, மேளம். பதினைந்து பேர் கிறிஸ்துமஸ் சட்டையில், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றார்கள். செங்கல்வராயனுக்குக் கண் கலங்கியது. பதினைந்து வருஷம் காகிதத்தில் மட்டுமே பார்த்த காட்சி.

சம்பூர்ணம் இடுப்பில் கூடையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"இந்தாய்யா, இன்னிக்கி நம்ம பாடு. வலை எங்க?"

"நேத்து" என்றார் அவர்.

"இன்னா நேத்து? ஆமைத்திட்டுக் கெழவன் திங்கக்கெழம பூட்டான். ஒரு நாளு தள்ளிப் போச்சி. நேத்து அவங்க போட்டாங்க, இன்னிக்கி நம்பிளுது. இந்தக் கூடைல எறாலு எதுவும் இல்ல, நண்டுதான் கீது, பாரு."

அவர் திரும்பிக் குப்புராஜைப் பார்த்தார்.

"உனுக்குத் தெரியாதா மாமா?" என்றான் அவன். குரல் மெல்ல இறங்கியது. "நம்ம பாட்டு நாளுலியே போய் நிக்கிறதுதான் ஜோருன்னு நீ மாத்திக்கினு இருப்பேன்னு நெனச்சோம். வலை வேணாம்னு நீதான் எழுதி வெச்சிருந்த. ஏதோ கணக்கு வெச்சிகீறாருன்னு..."

இரண்டு வார்த்தை போதும். 'வலையை ஏத்துங்க.' அல்லது 'நாளைக்குப் போவலாம்.' மேளக்காரன் குச்சியைத் தூக்கியபடி நின்றான். பதினைந்து சட்டையும் அவரையே பார்த்தன. அந்தக் கரையில் அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு என்று யாரும் இதுவரை நினைத்ததில்லை. இன்றைக்கு நினைக்கப் போகிறார்கள். பம்பாயில் ஒரு தடவை புயல் எச்சரிக்கை வந்தபோதும் பயணத்தை நிறுத்தவில்லை. அழைப்பிதழ் அச்சடித்தாகிவிட்டது என்றார் அதிகாரி.

"எல்லாம் தெரிஞ்சிதான்" என்றார் சத்தமாக. "பதினோரு மணிக்குத் திரும்பிடுவோம். அப்பால வலை எறக்கலாம்."

"பாட்டத் தாண்டிப் போனா?" என்றாள் சம்பூர்ணம்.

"விருந்தாளியாப் போறோம். விருந்தாளி தாண்டினா கணக்கு கெடையாது."

அந்தச் சட்டம் அந்த நிமிஷத்தில்தான் இயற்றப்பட்டது.

"வலையத் தோணிக்குள்ள சுருட்டிப் போட்டுக்கினு போனா இன்னா கொறைஞ்சி பூடும் உனுக்கு?"

"வலை இல்லாம வர்றோம்னு லெட்டருல எழுதிக் குடுத்துட்டேன்."

சம்பூர்ணம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கணவனைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை, அழுகல் நண்டைத் தள்ளுபடி விலைக்குக் கேட்டவனைப் பார்க்கிற பார்வை. கூடையைத் தோணியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மேளம் முழங்கக் கிளம்பினார்கள். தண்ணீர் வற்றியிருந்ததால் தோணி போகிற ஆழம் பாட்டின் மேல் மட்டும்தான் இருந்தது. சுற்றிப் போக வழியில்லை. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க மேளம் தானாக நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தண்ணீர் மேல் மழை பெய்வது போலப் பொட்டுப் பொட்டாகத் துள்ளியது. வானத்தில் மேகம் கிடையாது.

"எறாலு மாமா" என்றான் குப்புராஜ். "இந்த வர்சம் இப்டி நா பாக்கவே இல்ல."

"அதப் பத்திப் பேசக் கூடாது" என்றார் செங்கல்வராயன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது.

மூன்று தோணியும் தாண்டின. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பக்கவாட்டில் குனிந்து, கைக்கெட்டும் தூரத்தில் துள்ளியதை அள்ளாமல் பார்த்துக்கொண்டு போனார்கள். சாவு வீட்டுக்குப் போகிற தோணியில்கூட இதைவிடப் பேச்சு இருக்கும்.

அரசங்குப்பத்துக் கரை தெரிந்தபோது அவர் முதலில் பார்த்தது ஆட்களை அல்ல. தோணிகளை. நாற்பது தோணி, கரை நெடுக ஒரே வரிசையாக, மூக்கு வெளிப்பக்கம் நீட்டி நின்றது. ஒவ்வொன்றிலும் வலை மடித்து ஏற்றித் தயாராக இருந்தது. யார் கையிலும் கம்பு இல்லை. எல்லார் முகத்திலும் சிரிப்பு. இருநூறு வீட்டுச் சனமும் கரையில் நின்று கை தட்டியது.

ராஜமாணிக்கம் முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வந்து செங்கல்வராயனைக் கை கொடுத்துத் தூக்கினார். எழுபது கிலோ மரியாதை.

"வாங்க தம்பி, வாங்க. லெட்டரு வந்துச்சி. இன்னா எழுத்து! மூணு வாட்டி படிச்சிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அந்த அடிக்கோடு போட்ட வரிய இன்னோரு வாட்டி."

மாலை போட்டார்கள். கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். செங்கல்வராயன் மனப்பாடம் செய்திருந்த நான்கு வாக்கியத்தைச் சொன்னார். ஏரி ஒன்று, தண்ணீர் ஒன்று, நாமெல்லாம் ஒன்று. கை தட்டல் நிற்கவே இல்லை. பிறகு ராஜமாணிக்கம் கையைத் தூக்கினார். சனம் அமைதியானது.

"கொக்குமேட்டுக்காரங்க சின்னக் குப்பம், ஆனா மனசு பெருசு. இன்னிக்கி அவங்க பாடு. வலை இல்லாமத் தாண்டி வந்து நமுக்கு விட்டுக் குடுத்திருக்காங்க. யாரும் கேக்கல, அவங்களா எழுதிக் குடுத்துட்டுக் குடுத்திருக்காங்க. அதுக்கு மரியாத பண்ணாம அனுப்பினா நாம மனுசனா?"

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வந்தது.

"வாங்காத மாமா" என்றான் குப்புராஜ், உதடு அசையாமல்.

செங்கல்வராயன் தாம்பாளத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் நாற்பது தோணி. ஒருவரும் ஒரு வார்த்தை மிரட்டவில்லை. வாங்க மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவை சும்மா நின்றன. அழகாக, கழுவித் துடைத்து, வரிசை பிசகாமல் நின்றன. பதினைந்து வருஷத்தில் எத்தனை துறைமுகத்துக்கு இந்தக் காட்சியை அவர் டைப் அடித்து அனுப்பியிருப்பார்! கரையில் மாலையோடு நின்று சிரித்த அந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அப்போது அடி வயிற்றில் என்ன செய்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது செய்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. அவர்களும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள்.

அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கை தானாக நீண்டது. வெற்றிலையை எடுத்தது.

குப்புராஜ் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

டீ வந்தது. ஆறுவதற்குள் நாற்பது தோணியும் கிளம்பிவிட்டன.

திரும்பி வந்தபோது முகத்துவாரத்தில் கழிகள் ஊன்றி வலை இறங்கியிருந்தது. கொக்குமேட்டுத் தோணிகளுக்கு நடுவில் வழி விட்டார்கள். ஒருவன் சலாம் அடித்தான். அவன் கிண்டலாக அடித்தானா, உண்மையாகவா என்று செங்கல்வராயனுக்குத் தெரியவில்லை.

கரையில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். சட்டைகளைக் கழற்றி மடித்து மூட்டையில் வைத்தார்கள். பெண்கள் தோணிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சம்பூர்ணம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"டீ நல்லா இருந்துச்சா?"

அதன் பிறகு அந்த விஷயமாக அவள் அவரிடம் பேசவில்லை. எந்த விஷயமாகவும் ரொம்பப் பேசவில்லை. குப்புராஜும் அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணில் படவில்லை.

பஞ்சாயத்துக்குப் போனார்கள். வெற்றிலை வாங்கியதைக் கண்ணால் பார்த்த சாட்சி உண்டா என்றார்கள் ஆமைத்திட்டுக்காரர்கள். இருநூறு வீடு சாட்சி. மனு எழுதிக்கொண்டு சர்க்கார் ஆபீசுக்குப் போனார் செங்கல்வராயன். இப்படியெல்லாம் முறை இருப்பதே சர்க்காருக்குத் தெரியாது என்றார்கள் அங்கே. தெரியாத ஒன்றைத் திரும்ப வாங்கித் தருவது எப்படி? எதிர்த் தரப்பில் எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். உண்டு. அடிக்கோடு போட்டு, தேதியும் கையெழுத்துமாக இருந்தது.

முதல் வருஷம் நண்டில் ஓட்டினார்கள். ஒரு நாள் இறால் அடைத்த ஓட்டையை ஆறு நாள் நண்டால் அடைக்க முடியவில்லை. எழுபத்து மூன்றில் இரண்டு வீடு எண்ணூருக்குப் போனது. பிறகு ஒவ்வொரு தோணியாக அரசங்குப்பத்துக்கே விற்றார்கள். வாங்கியவர்கள் நியாயமான விலைதான் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டியில் அதற்குள் புதிதாக ஆலைகள் முளைத்து ஆள் தேடிக்கொண்டிருந்தன. கொக்குமேட்டு ஆண்கள் ஏரியை விட்டு ரயிலடியில் நிற்கப் பழகினார்கள். ஏரியில் நீந்திய உடம்பு உலைச் சூட்டுக்குப் பழக எவ்வளவு நாள் ஆகும் என்று செங்கல்வராயன் மோசஸைக் கேட்டார்.

"பழகாது நைனா" என்றார் மோசஸ். "பழகின மாதிரி இருக்கும்."

எழுபத்தைந்தில், ஒரு சித்திரை மாதக் காலையில், ஆலை வாசலில் புது ஆட்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார் செங்கல்வராயன். குனிந்தபடியே எழுதினார். அடுத்த ஆள் வந்து நின்றான். கையில் காகிதம், காலில் புதுச் செருப்பு. செருப்பு போட்டுப் பழகாத கால்.

"பேரு?"

"குப்புராஜ், சார்."

அவர் தலை தூக்கிப் பார்த்தார். மூன்று வருஷத்தில் மைத்துனனுக்கு மீசை நரைத்திருந்தது. கடைசித் தோணியையும் கொடுத்துவிட்டான் என்று சம்பூர்ணம் சொல்லவே இல்லை.

"மாமான்னு கூப்புடுடா."

குப்புராஜ் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான், வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்தான்.

"இங்க அப்டி கூப்புடலாமா சார்?"

அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று செங்கல்வராயன் தேடினார். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் நிஜமாகவே கேட்டான். தெரியாத இடத்தில் தப்பாக எதையும் செய்துவிடக் கூடாதே என்ற கவலை மட்டும்தான் அந்த முகத்தில்.

"கூப்புடக் கூடாதுதான்" என்றார் செங்கல்வராயன்.

தகர டோக்கன் ஒன்றை எடுத்து நீட்டினார். குப்புராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உலை எந்தப் பக்கம் என்று கேட்டான். அவர் கையைக் காட்டினார். அவன் பின்னால் வரிசையில் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேர் பெயரும் அவருக்குக் கேட்காமலே தெரியும். கேட்டுத்தான் எழுதினார்.